வட்டக் கொத்தளம் ஏன் பிளக்கிறது? எண்கோணமே போதுமா? (லெகோ கோட்டைக் கட்டுமானம்)

புதுச்சுவர் எழுதியது:

48×48 ஸ்டட் (செங்கல் தலையிலுள்ள குமிழ்) கொண்ட பேஸ்பிளேட்டில் (அடித்தட்டில்) ஒரு கோட்டை. மதில் 16 செங்கல் உயரம், மூலைகளில் கொத்தளங்கள் 22 செங்கல் உயரம். இரண்டு சதுரம், இரண்டு வட்டம் என்று திட்டம். வட்டத்துக்கு 1×2 செங்கலும் உருண்டை 1×1 செங்கலும் மாறி மாறி வைத்து வளைக்கும் முறையைத்தான் எடுத்திருக்கேன். முதல் வரிசை 1×2, உருண்டை, 1×2, உருண்டை. அடுத்த வரிசையை ஒரு ஸ்டட் நகர்த்தி, மூன்றாவதை மறுபடி முதல் மாதிரியே. வளைக்கும்போது ஒவ்வொரு 3 ஸ்டட்டுக்கும் ஓர் இடத்தில் மேலிருந்து கீழே பிளக்குது. வட்டமும் மூடலை. என்ன காரணம்? பேசாம எண்கோணத்துக்கு மாறிடலாமா?

இன்னொன்று: சதுரக் கொத்தளத்தின் மூலையில் ஒரு சிறு தொங்கு கோபுரம் வேணும். எதில் தொங்கவிடுவது?

---

மூன்றாம்வரிசை எழுதியது:

பிளப்புக்குக் காரணம் சுழற்சி. இந்த அமைப்பு 3 ஸ்டட்டுக்கு ஒருமுறை திரும்ப வருவது: 1×2-க்கு இரண்டு ஸ்டட், உருண்டைக்கு ஒன்று. ஸ்டட்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். முதல் வரிசை 1-ஐயும் 2-ஐயும் கட்டுகிறது. இரண்டாவது 2-ஐயும் 3-ஐயும் கட்டுகிறது. 3-ஐயும் அடுத்த 1-ஐயும் கட்ட மூன்றாவது வரிசை வர வேண்டும். நீங்கள் அங்கே முதல் வரிசைக்கே திரும்பிவிட்டதால் அந்த இடத்தை எந்தச் செங்கலும் தாண்டவில்லை. எத்தனை உயரம் கட்டினாலும் அது திறந்த சந்துதான்.

சரியான முறை: ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட ஒரு ஸ்டட், எப்போதும் ஒரே திசையில் நகர வேண்டும். வலம் என்றால் கடைசிவரை வலம். நான்காவது வரிசை முதல் வரிசையின் நேர்மேலே வந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் உருண்டைகள் சுவரைச் சுற்றிப் படிக்கட்டு போல ஏறுவது தெரியும். அப்படி ஏறாமல் வளைந்து நெளிந்து தெரிந்தால் எங்கோ திசை மாறியிருக்கிறது.

முதல் மூன்று வரிசை முடியும்வரை இது கையில் நிற்காது. நேராக, மேசைமேல் படுக்கவைத்து மூன்று வரிசையையும் முடித்துவிட்டு, பிறகு வளைத்து மூடுங்கள். மூடும் இடத்தில் மூன்று வரிசைகளின் முனைகளும் ஏறுமாறாக நிற்கும். அதில்தான் கோக்க வேண்டும்.

மொத்தச் சுற்றளவு 3-ஆல் வகுபட வேண்டும். இல்லையென்றால் மூடவே மூடாது.

---

மில்லிமீட்டர் எழுதியது:

மேலே சொன்னதோடு எவ்வளவு வளையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டட் நடுவிலிருந்து ஸ்டட் நடுவுக்கு 8 மிமீ. செங்கலின் உண்மையான அகலம் 7.8 மிமீ, அதாவது பக்கத்துக்கு 0.1 மிமீ இடைவெளி. 1×2-இன் முனை சதுரம். அதை ஒட்டி நிற்கும் உருண்டை, ஸ்டட்டைச் சுற்றித் திரும்பும்போது அந்தச் சதுர முனையை நெருங்குகிறது. கணக்குப் போட்டால் ஒரு மூட்டுக்கு 12 டிகிரி, அதற்குச் சற்று மேல் போனால் இரண்டும் இடிக்கும். 12 டிகிரி என்றால் வட்டத்துக்கு 30 மூட்டு. ஆகவே 30 ஸ்டட் சுற்றளவுதான் அடிமட்ட எல்லை. அதற்கும் கீழே அழுத்தி மூடினால் செங்கல்கள் சாய்ந்து, மேல் வரிசைகள் உட்காராது.

ஸ்டட் மையங்கள் வழியாக விட்டம்:
30 சுற்றளவு: 9.6 ஸ்டட், மூட்டுக்கு 12 டிகிரி
36 சுற்றளவு: 11.5 ஸ்டட், 10 டிகிரி
48 சுற்றளவு: 15.3 ஸ்டட், 7.5 டிகிரி

வெளிவிட்டத்துக்கு ஒரு ஸ்டட் கூட்டிக்கொள்ளுங்கள். என் தேர்வு 36. அது 3-ஆலும் 4-ஆலும் வகுபடும். கதவு ஒரு பக்கம், ஜன்னல் நேரெதிர்ப் பக்கம் என்று நான்கு திசைக்கும் ஒழுங்காகப் பிரிக்கலாம். 33-உம் 42-உம் மூடும், ஆனால் நான்காகப் பிரியாது.

36-க்கு வரிசைக்கு 12 செங்கல் 1×2, 12 உருண்டை 1×1. 22 வரிசைக்கு இரண்டிலும் 264. உயரம் 22 × 9.6 = 211.2 மிமீ. இரண்டு கொத்தளம் என்றால் 528 உருண்டை வேண்டும். கையிருப்பை எண்ணிவிட்டு ஆரம்பியுங்கள். பாதியில் தீர்ந்துபோவது எப்போதும் உருண்டைதான்.

---

எட்டுமுகம் எழுதியது:

528 உருண்டையா! அந்தச் செலவுக்கு எண்கோணமே மேல். ஹிஞ்ச் பிளேட் (கீல் உள்ள மெல்லிய தட்டு) இருந்தால் சாதாரண 1×4, 1×6 செங்கல்களே போதும். தளர்வும் இல்லை. வரலாற்றிலும் இடமிருக்கு: 1283-இல் தொடங்கிய வேல்ஸின் கேர்னார்வன் கோட்டையில் கோபுரங்கள் பலகோணம்தான். சுவரில் நிறம் மாறிய கல் பட்டைகளும் உண்டு. 5 வரிசைக்கு ஒரு வரிசை மணல்நிறம் போட்டால் அந்தச் சாயல் வந்துவிடும்.

எண்கோணத்தில் கவனிக்க வேண்டியது சாய்ந்த நான்கு சுவர்கள். நேர்ச்சுவர்கள் ஸ்டட் கட்டத்தில் உட்காரும், சாய்சுவர்கள் உட்காராது. குறுக்கே 5, மேலே 5 நகர்ந்தால் சாய்நீளம் 7.07. அதை 7 என்று எடுத்துக்கொண்டால் நேர்ச்சுவரும் 7, சாய்சுவரும் 7. ஒழுங்கான எண்கோணம், மொத்த அகலம் 5+7+5 = 17.

இங்கே பலர் வழுக்குவது எண்ணுவதில். இந்த 7 என்பது ஸ்டட்களின் எண்ணிக்கை இல்லை, ஸ்டட்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கை. சுழலும் புள்ளியிலிருந்து சுழலும் புள்ளிக்கு 7 இடைவெளி என்றால் இரு முனைகளையும் சேர்த்து 8 ஸ்டட். 17 இடைவெளி அகலம் என்றால் தரையில் 18 ஸ்டட்.

---

மில்லிமீட்டர் எழுதியது:

எட்டுமுகம், 7.07-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் 0.57 மிமீ. கண்ணுக்குச் சிறிசு, ஸ்டட்டுக்குப் பெரிசு. இரு முனையையும் பேஸ்பிளேட்டில் அழுத்திப் பூட்டினால் சாய்சுவர் எப்போதும் இழுபட்ட நிலையில் நிற்கும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் முனைச் செங்கல்களின் பிடி தளரும். ஒரு முனையைப் பூட்டிவிட்டு, மறுமுனை டைல் (குமிழ் இல்லாத வழவழப்பான தட்டு) மேல் சும்மா உட்காரட்டும். அல்லது அளவைப் பெரிதாக்குங்கள்: 12-12-17-இல் பிழை 0.24 மிமீதான். ஆனால் அகலம் 41 ஆகிவிடும், அது கொத்தளமில்லை, முழுக் கோட்டை.

10 இடைவெளிச் சுவர், 7 நகர்வு என்று ஒரு பரிந்துரையும் சுற்றி வரும். அதைத் தவிருங்கள். அங்கே இருக்கும் இடம் 9.90, உங்கள் சுவர் 10. நீளமான சுவரைக் குறுகிய இடத்தில் திணித்தால் பக்கத்துச் சுவர்களை வெளியே தள்ளும். இழுபடுவதைவிடத் தள்ளுவது மோசம்.

பிழையே கூடாது என்றால் 3-4-5, 6-8-10, 5-12-13 ஆகிய முக்கோணங்கள் துல்லியம். கோணம் 45 ஆக இருக்காது, ஆனால் கோட்டைக்கு அது தேவையுமில்லை. மதில் திரும்பும் இடங்களில் 3-4-5 அருமையாக உட்காரும்.

---

புதுச்சுவர் எழுதியது:

18 ஸ்டட் வீதம் இரண்டு வைத்தால் 36 போயிடும், 48-இல் வாசலுக்கு 12தான் மிஞ்சும். 36 சுற்றளவு வட்டம் வெளிவிட்டம் 12.5, இரண்டுக்கும் 25. நடுவில் 23 கிடைக்குது. வட்டமே. ஆனா அது பேஸ்பிளேட்டில் எப்படி ஒட்டும்? எந்த ஸ்டட்டும் நேராக வரலையே.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

ஒட்டாது. ஒட்டவைக்கவும் வேண்டாம். ஒன்றிரண்டு இடத்தில் ஸ்டட் பொருந்துவது போலத் தெரியும், அங்கே அழுத்திப் பூட்டினால் வட்டம் முட்டை வடிவமாகும்.

அந்த இடம் முழுவதும் டைல் பரப்புங்கள். நடுவில் மட்டும் 6×8 ஸ்டட்டில் செவ்வகக் கூடு ஒன்றை பேஸ்பிளேட்டில் உறுதியாகக் கட்டி மேலே கொண்டுபோங்கள். அதன் மூலைவிட்டம் சரியாக 10 ஸ்டட். 36 சுற்றளவு வட்டத்தின் உள்விட்டம் ஏறத்தாழ 10.4. நான்கு மூலைக்கும் சுவருக்கும் நடுவே தலா ஒன்றரை மிமீ. சுவர் சுற்றிலும் சும்மா நிற்கும், ஆனால் எந்தப் பக்கமும் நகராது. முழுக் கொத்தளத்தையும் தொப்பி மாதிரி தூக்கி எடுக்கலாம் என்பது கூடுதல் வசதி. 8×8 கூடு போடாதீர்கள், அதன் மூலைவிட்டம் 11.3, உள்ளே போகாது. 7×7 போகும், 9.9.

கூடு வட்டச் சுவரின் உச்சிக்கு ஒரு செங்கல் கீழே நிற்க வேண்டும். அதன் தலையில் 8×8 வட்டப் பிளேட் வைத்தால் மேல்தளம் கிடைக்கும். விளிம்பில் ஒரு ஸ்டட்டுக்குச் சற்று மேல் இடைவெளி தெரியும். கைப்பிடிச் சுவரின் நிழலில் அது கண்ணில் படாது.

---

எட்டுமுகம் எழுதியது:

மதில் வட்டத்தைத் தொடும் இடம்?

---

மூன்றாம்வரிசை எழுதியது:

தொட்டால் போதும், கோக்க வேண்டாம். 2 ஸ்டட் தடிமனான மதிலை வட்டத்தில் முட்டவிட்டால் ஓரத்தில் விழும் இடைவெளி 0.6 மிமீ அளவுதான், யாருக்கும் தெரியாது. 4 ஸ்டட் தடிமன் என்றால் இரண்டரை மிமீ ஆகிவிடும். அங்கே இரு ஓரத்திலும் உருண்டை 1×1-களை அடுக்கித் தூண்மாதிரி நிறுத்தி மறையுங்கள்.

---

சாம்பல்நிறம் எழுதியது:

வட்டச் சுவரில் கதவு வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. 1×2 அகல ஜன்னல் சிக்கலே இல்லை, அது ஒரு 1×2 செங்கலின் இடத்தைத்தான் எடுக்கும். 1×4 கதவுநிலை வைத்தால் நடு இரண்டு மூட்டுகள் விறைத்துவிடும். 360 டிகிரியை மீதி 34 மூட்டுகள் பங்கிட வேண்டும், தலா 10.6. இரண்டு கதவு என்றால் 11.25. அதுவரை பாதுகாப்பு. மூன்றாவது கதவு வைத்தால் 12, எல்லையில் நிற்கிறீர்கள்.

கதவுநிலைக்கு இரு பக்கமும், அதன் முழு உயரத்துக்கும், ஒட்டி நிற்பது உருண்டையாகத்தான் இருக்க வேண்டும். சதுர முனை வந்தால் வளையாது. ஆனால் அப்படி வைக்கும்போது நிலையின் ஓரம் 6 வரிசைக்குப் பிணைப்பு இல்லாமல் போகிறது. நிலைக்கு மேலேயும் கீழேயும் வரும் வரிசைகளில் அந்த ஓரத்தைத் தாண்டி 1×2 வருமாறு சுழற்சியைத் தொடங்குங்கள். முதல் வரிசையிலேயே இதைத் திட்டமிடாவிட்டால் பிறகு திருத்த இடமிருக்காது.

அம்புத்துளைக்கு ஒரு ஸ்டட் இடம் விட்டால் 8 மிமீ. மினிஃபிக் (லெகோ மனிதப் பொம்மை) அளவுக்கு அது ஜன்னல். சதுரக் கொத்தளத்தில் 2 ஸ்டட் திறப்பு விட்டு, அதில் பிளேட்களைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பிளேட் தடிமன் 3.2 மிமீ, 2 ஸ்டட் அகலம் 16 மிமீ, ஆக 5 பிளேட் கச்சிதமாக நிற்கும் இடம். இரு பக்கமும் இரண்டிரண்டு வைத்து நடுவில் ஒன்றை விட்டால் 3.2 மிமீ பிளவு. பிடிப்புக்குப் பின்னால் பக்க ஸ்டட் உள்ள 1×1 செங்கல்.

---

புதுச்சுவர் எழுதியது:

அருமை. சதுரக் கொத்தளம் 8×8, ஒரு ஸ்டட் தடிமன். அதில் பெரிசா தப்பு நடக்க வாய்ப்பில்லைன்னு நினைக்கிறேன்.

---

மில்லிமீட்டர் எழுதியது:

ஒன்று இருக்கிறது, அதுவும் 22 வரிசை முடிந்த பிறகுதான் தெரியும். 8×8 சுற்றுச்சுவர் 28 ஸ்டட். ஒரு பக்கத்துக்கு 7 என்று காற்றாடி போலச் சுற்றி அடுக்கினால் வரிசைக்கு 1×4 நான்கு, 1×3 நான்கு. அடுத்த வரிசையைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டால் மூலைகள் நன்றாகப் பின்னிக்கொள்ளும். ஆனால் பக்கத்தின் நடுவில் பாருங்கள்: முதல் வரிசையில் 4-க்கும் 5-க்கும் நடுவே சந்து, திருப்பிப் போட்டதிலும் அதே 4-க்கும் 5-க்கும் நடுவே சந்து. நான்கு பக்கத்திலும் அடிமுதல் உச்சிவரை ஒரே கோடு.

இரண்டாவது வரிசையையும் அதே 1×4, 1×3 ஒழுங்கில் வையுங்கள், ஒரு ஸ்டட் மட்டும் தள்ளித் தொடங்குங்கள். சந்து 5-க்கும் 6-க்கும் நடுவே போய்விடும். செங்கல் எண்ணிக்கை மாறாது: 22 வரிசைக்கு இரண்டிலும் 88.

பழைய செங்கல், புதிய செங்கல், வேறு தயாரிப்பு எல்லாம் கலந்திருந்தால் ஒரு பக்கத்தில் ஒரே வகை குவியாமல் கலந்து போடுங்கள். ஒரு செங்கலுக்கு 0.05 மிமீ உயர வித்தியாசம் இருந்தாலும் 22 வரிசையில் 1.1 மிமீ. கோபுரம் சாய்வதற்கு அது தாராளம்.

---

சாம்பல்நிறம் எழுதியது:

தொங்கு கோபுரத்துக்கு வருவோம். 4 ஸ்டட் விட்டத்தில் கால்வட்டச் செங்கல் 2×2, வரிசைக்கு நான்கு. அதன் மையம் கொத்தளத்தின் மூலைப் புள்ளியில் வரட்டும். நான்கில் ஒரு பங்கு உள்ளே, மூன்று பங்கு வெளியே.

வெளியே தெரியும் தலைகீழ் ஸ்லோப்தான் (சாய்முகச் செங்கல்) தாங்குகிறது என்று எண்ணி அதை மட்டும் வைத்தால் விரலால் தொட்டதும் கழன்று விழும். ஸ்லோப் அழகுக்கு. பாரத்தை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டியது பிளேட்:

முதல் அடுக்கு: 2×8 பிளேட், ஒரு சுவர் நெடுக. 2 ஸ்டட் மூலைக்கு வெளியே, 6 உள்ளே.
இரண்டாம் அடுக்கு: இன்னொரு 2×8, மற்றச் சுவர் நெடுக, முதலாவதை மூலையில் குறுக்கே வெட்டுமாறு. இதிலும் 2 வெளியே, 6 உள்ளே.
மூன்றாம் அடுக்கு: 4×4 வட்டப் பிளேட், இரண்டையும் பூட்டும்.

மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு செங்கல் உயரம், ஆகவே சுவரின் மீதி இடங்களில் ஒரு வரிசை சாதாரணச் செங்கல் போட்டால் மட்டம் சரியாகிவிடும். 2×8 பிளேட்களின் வால்மேல் ஏறும் இடத்தில் அவற்றுக்கேற்பப் பிளேட்களால் நிரப்புங்கள். அதன்மேல் குறைந்தது 4 வரிசை சுவர் ஏற வேண்டும். அந்தச் சுவரின் பிடிதான் வாலை அழுத்தி வைத்திருக்கும். ஆகவே 22 வரிசைக் கொத்தளத்தில் 17-ஆவது வரிசைக்கு மேல் இதைத் தொடங்காதீர்கள்.

கால்வட்டச் செங்கலில் இன்னொரு பொறி. நான்கும் ஒரே அளவு, கட்டத்தில் 45 டிகிரி திருப்பி வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வரிசையின் சந்தும் ஒன்றன் கீழ் ஒன்று வரும், நான்கு கால்பகுதிகளையும் எதுவும் இணைக்காது. மூன்று வரிசைக்கு ஒரு 4×4 வட்டப் பிளேட்டைக் குறுக்கே போட்டால்தான் அது கோபுரம். இல்லாவிட்டால் நான்கு தனித்தனித் தூண்.

---

எட்டுமுகம் எழுதியது:

கூரை? 4 ஸ்டட் கோபுரத்துக்கு 4×4×2 கூம்பு, அதன் மேல் 2×2×2 கூம்பு, முடிந்தது. 8×8 சதுரத்துக்கு 45 டிகிரி ஸ்லோப்பில் வரிசைக்கு வரிசை பக்கத்துக்கு ஒரு ஸ்டட் உள்ளே போகும்: 8, 6, 4, 2. நான்கே வரிசை, வீட்டுக் கூரை மாதிரி சப்பையாகத் தெரியும். 75 டிகிரி ஸ்லோப் 3 செங்கல் உயரத்துக்கு ஒரு ஸ்டட்தான் உள்ளே போகும், ஆக 12 செங்கல் உயரம். கோட்டைக்கு அதுதான். மூலைக்கான 75 டிகிரி துண்டு வரிசைக்கு நான்கு வேண்டும், அதை முதலில் எண்ணுங்கள்.

12.5 ஸ்டட் வட்டத்துக்கு ஆயத்தக் கூம்பு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். திறந்தபடி விட்டுப் பல்வரிசை வைப்பதே நல்லது.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

அங்கேதான் 36-இன் இன்னொரு நன்மை. சுவரே 2+1 என்று ஓடுவதால் பல் 2 ஸ்டட், இடைவெளி 1 ஸ்டட் என்று வைத்தால் சரியாக 12 பல். நிஜக் கோட்டைகளிலும் இடைவெளியைவிடப் பல் அகலமாகத்தான் இருக்கும். இடைவெளியில் வரும் உருண்டையோடு நிறுத்துங்கள், பல்லை மேலும் 2 செங்கல் ஏற்றுங்கள். தளத்திலிருந்து இடைவெளி 1 செங்கல், பல் 3 செங்கல். மினிஃபிக்கின் தோள்வரை மறையும், தலை மட்டும் எட்டிப் பார்க்கும். பல் இரண்டிரண்டாகத் தனியே நிற்பதால் ஒவ்வொன்றும் ஒரே 1×2-களின் அடுக்காக இருக்கட்டும். 1×1 இரண்டாகப் பிரித்தால் கைபட்டதும் உதிரும்.

தளம் வெறுமையாகத் தெரிந்தால் கான்வி கோட்டையைப் பாருங்கள். அதன் 8 வட்டக் கொத்தளங்களில் உள்முற்றத்தைச் சுற்றிய 4-இன் தலையில் மட்டும் சிறு காவல் கோபுரம் உண்டு. உங்கள் 8×8 வட்டப் பிளேட்டின் ஓரத்தில் 4×4 வட்டத்தில் ஒன்று, 7 செங்கல் உயரம். உள்ளே இருக்கும் கூட்டின்மேல் அது நிற்பதால் சுவருக்குப் பாரம் இல்லை.

---

புதுச்சுவர் எழுதியது:

இரண்டு சதுரம், இரண்டு வட்டம் என்பது கண்ணுக்கு ஒட்டாம இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.

---

எட்டுமுகம் எழுதியது:

ரோசெஸ்டர் கோட்டையின் நடுக்கோபுரத்தில் மூன்று மூலை சதுரம், ஒன்று வட்டம். 1215 முற்றுகையில் ஜான் மன்னரின் ஆட்கள் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, முட்டுக்கட்டைகளைப் பன்றிக்கொழுப்பு ஊற்றி எரித்துச் சரித்தார்கள். நாற்பது பன்றி கேட்டு மன்னர் அனுப்பிய ஓலை இன்றும் இருக்கிறது. திரும்பக் கட்டியபோது அந்த மூலையை வட்டமாக்கினார்கள். கலந்து கட்டுவதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வட்டம் இரண்டையும் வாசலுக்கு இரு புறமும் வையுங்கள், சதுரம் பின்னால் போகட்டும். நிறம் ஒன்றாக இருக்கட்டும்.

---

மில்லிமீட்டர் எழுதியது:

வாசலுக்கு இரு புறமும் என்றால் ஒரு திருத்தம். கொத்தளங்களின் மையங்களுக்கு நடுவே இரட்டைப்படை எண்ணிக்கையில் ஸ்டட் வந்தால் வாசல் வளைவும் இரட்டைப்படை அகலமாக இருக்க வேண்டும். 6×8 கூடு இரு புறமும் ஒரே திசையில் படுத்திருக்கிறதா என்று டைல் பரப்பும் முன்பே பாருங்கள். ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே என்று வந்துவிட்டால் மையம் ஒரு ஸ்டட் தள்ளிப்போக வாய்ப்புண்டு. வாசலுக்கு மேலே வளைவுச் செங்கலை ஏற்றும்போதுதான் அது தெரியவரும்.